நகைச்சுவை நடிகர் சந்திரபாபு

சாந்தோம் பேராலயத்திலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கு நோக்கிச் செல்வோமாயின், பட்டினப்பாக்கம் என்னும் பகுதியை அடையலாம். சிலப்பதிகாரம் பயின்ற மாணவர்க்கு இப்பெயர் புதிதன்று. பூம்புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாய் விளங்கிற்று என்பதும், அரசரும் பெருஞ்செல்வரும் வாழ்ந்தது பட்டினப்பாக்கம் என்பதும், மீன் விற்கும் பரதவரும் கடல் கடந்து வந்த யவனரும் குடியிருந்தது மருவூர்ப்பாக்கம் என்பதும் அவர் அறிந்தனவே. சென்னையில் உள்ள பட்டினப்பாக்கமோ பெயரால் ஒன்றனையும், வாழும் மக்களால் மற்றொன்றனையும் ஒத்திருக்கின்றது. மணலில் வலைகள் உலர்கின்றன. கட்டுமரம் செலுத்திய மரபினர் இன்றும் அங்கே வாழ்கின்றனர்.

அதற்கு மேற்கே, அடையாற்றின் கழிமுகத்தை அடுத்து, குவிபிள் தீவு என வழங்கும் இடத்தில் கிறித்தவர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு மக்களைக் கால் நூற்றாண்டுக் காலம் நகைக்கச் செய்த ஒருவர் 1974ஆம் ஆண்டு முதல் ஆங்குத் துயில்கின்றார். அவரும் பரதவர் குலத்திற் பிறந்தவரே. அவர் பெயர் சந்திரபாபு.

தூத்துக்குடியில் 1927ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் பிறந்தார். முத்துக்குளித்தலுக்குப் பெயர்பெற்ற அக்கரையில் வாழ்ந்த பரதவர், பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்த காலத்துக் கத்தோலிக்கச் சமயத்தைத் தழுவினர். அன்று தொட்டு அவர்தம் குடும்பங்களுக்கு மேனாட்டுக் குடிப்பெயர்கள் அமைந்தன. சந்திரபாபுவின் குடும்பப் பெயர் ரொட்ரிகஸ் என்பது. இசுபானியாவிலும் போர்த்துகலிலும் தென்னமெரிக்க நாடுகளிலும் இன்றும் பல்லாயிரவர் தாங்கி வரும் பெயர் அது. ஆயினும் பெயரளவில் மேனாட்டவரேயன்றி, மொழியாலும் வாழ்க்கையாலும் அவர்கள் தமிழரே. குழந்தைக்குச் சூட்டப்பெற்ற பெயரைப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். ஜோசப் என்பது விவிலியப் பெயர். பனிமயதாஸ் என்பது தூத்துக்குடியில் எழுந்தருளியிருக்கும் பனிமய மாதாவின் அடியவன் எனப் பொருள்படும் தமிழ்நாட்டுப் பெயர். பிறந்த சின்னாளிலேயே குழந்தை கடும் நோயுற்று, பிழைப்பதரிது என்ற நிலையை எய்தித் தேறியமையால், இறைவன் இட்ட பிச்சை என்று கருதிப் பிச்சை எனவும் அழைத்தனர். சந்திரபாபு என்பது பின்னாளில் அவரே தமக்கு அமைத்துக்கொண்டது. பரதவர் தம்மைச் சந்திர குலத்தவர் எனக் கூறிக்கொள்ளும் வழக்கம் பற்றி அப்பெயரைத் தேர்ந்தார்.

அவருடைய தந்தையார் நாட்டு விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். சுதந்திர வீரன் என்னும் இதழை நடத்தியவர். ஆங்கில அரசு அவருடைய உடைமைகளைப் பறித்துக்கொள்ள, குடும்பம் இலங்கைக்குச் சென்றது. ஆதலின் சந்திரபாபுவின் இளமைப் பருவம் கொழும்பு நகரில் கழிந்தது. கொழும்போ பல நாட்டு மக்களும் வந்து கூடும் துறைமுகம். ஆங்கிலப் பாடல்களும் மேனாட்டு நடனமும் இசைத்தட்டு வாயிலாகவும் திரைப்படம் வாயிலாகவும் அவர் காதுக்கும் கண்ணுக்கும் எட்டின. கேட்டதை அவ்வாறே திரும்பப் பாடும் ஆற்றல் அச்சிறுவனிடம் இயல்பாகவே அமைந்திருந்தது.

1940களின் முற்பகுதியில் குடும்பம் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியேறியது. தந்தையார் தினமணி நாளிதழிற் பணியாற்றினார். மகனுக்கோ நடிகனாதல் வேண்டும் என்னும் ஒரே வேட்கை. அக்காலத்துத் தமிழ்த் திரையுலகில் பெயர் பெற்றோருட் பலர் நாடகக் குழுக்களிலிருந்து வந்தவர். சிறுவயதிலேயே குழுவிற் சேர்ந்து, வாத்தியாரிடம் அடியும் வாங்கிப் பாடமும் பெற்றவர். கலைவாணர் கிருஷ்ணனும் தங்கவேலுவும் அவ்வழி வந்தோரே. சந்திரபாபுவுக்கு அத்தகைய பயிற்சியும் இல்லை. பரிந்துரைக்க ஆசானும் இல்லை. 1947இல் தன அமராவதி என்னும் படத்தில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் நான்கைந்து ஆண்டுகள் படநிலையங்களின் வாயில்களிலேயே கழிந்தன.

வாயிற்காவலர் உள்ளே விட்டாலன்றி முதலாளியைக் காண இயலாது. கண்டாலும் வேடம் கிடைக்கும் என்பது உறுதியன்று. 1952ஆம் ஆண்டில் ஜெமினி படநிலையத்தில், அதன் உரிமையாளர் வாசனைக் கண்டு வாய்ப்புப் பெற முடியாத மனமுறிவில், அவர் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். நல்வினையாற் காக்கப்பெற்று, வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டார். ஆங்கு நடுவர் முன்னிலையில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தம் உள்ளங்கையில் வைத்து, சுடுவதைக் காண்பவர் காணலாம், வேதனையை அறிபவன் தான் ஒருவனே என்னும் கருத்துப்பட அவர் கூறியதாக ஒரு செய்தி வழங்குகின்றது. அச்செய்தியைக் கூறுவோர் அதனை வியந்தே கூறுகின்றனர். யாம் அதனை வியத்தற்கில்லை. இருபத்தைந்து வயதும் நிரம்பாத ஓர் இளைஞன் தன் குரலும் கூத்தும் எத்துணை மக்களை மகிழ்விக்கப் போகின்றன என்பதை அறியாமல், எல்லாம் முடிந்துவிட்டதாகக் கருதிய நாள் அது. அன்று அவன் எண்ணம் ஈடேறியிருப்பின், நாம் பேசப்போகும் எதுவும் நடந்திராது. அவ்வாண்டிலேயே வாசன் மூன்று பிள்ளைகள் என்னும் படத்தில் அவருக்கு ஒரு சிறு வேடம் அளித்தார்.

அதே 1952இல் வெளிவந்த சின்னதுரை என்னும் படத்தில் அவர் பாடிய முறை தமிழர்க்குப் புதிதாயிருந்தது. ஆல்ப்சு மலையில் ஆடுமாடு மேய்ப்போர் ஒரு குன்றிலிருந்து மற்றொரு குன்றுக்குக் கேட்கும்படி குரலெழுப்புவர். அடிக்குரலிலிருந்து நொடிப்பொழுதில் உச்சக்குரலுக்குத் தாவி, மீண்டும் அடிக்கு இறங்கும் அம்முறையை ஆங்கிலத்தில் யோடலிங் என்பர். குரல் உடைந்தது போலத் தோன்றும். ஆயின் சுருதி பிறழாது. சிறிது பிழைப்பினும் கேட்போர்க்கு எரிச்சலூட்டும் அருமையான வித்தை அது. சந்திரபாபு அதனைத் தமிழ்ப் பாடலின் இடையே வைத்துப் பாடினார். சங்கீத மேடையில் வளர்ந்த செவியினரும் அதனை வெறுத்திலர். வீணை வித்தகராகிய எஸ். பாலசந்தர் 1954இல் வெளிவந்த பெண் என்னும் படத்தில் நடித்தபோது, ஒரு நகைச்சுவைப் பாட்டுக்கு அவர் வாயசைக்கப் பின்னணியிற் குரல் கொடுத்தவர் சந்திரபாபுவே. ஓர் இசைப்பேரறிஞருக்குப் பாட்டில் இரவற் குரல் கொடுக்கும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

குரலினும் விரைவாக இயங்கியது அவருடைய உடல். மெலிந்த உருவம், வளைந்து நெளியும் கைகால்கள். விழுவார் போற் சாய்ந்து, விழாமல் நிமிர்வார், நடக்கும்போதே நடனமாடுவார். குலேபகாவலி 1955இலும், மகாதேவியும் புதையலும் 1957இலும், நாடோடி மன்னன் 1958இலும் வந்தன. வாள்வீரர்கள் வந்துபோகும் கதைகளினிடையே அவர் தோன்றும் போதெல்லாம் கொட்டகையில் ஆரவாரம் எழுந்தது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்து, அழுகையை அதன் அருகில் வைத்தார். நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் வகுத்தார். பிறரை எள்ளுதலாற் பிறப்பது ஒன்று. இளமையின் விளையாட்டாற் பிறப்பது மற்றொன்று. ஏனைய இரண்டும் அறியாமையும் மடமையும் பற்றியன. இந்நான்கனுள் எள்ளல் பற்றிய நகையே எளிதிற் கைகூடுவது. குள்ளனையும் திக்குவாயனையும் காட்டிச் சிரிக்க வைத்தல் யாவர்க்கும் இயலும். நம் திரைப்படங்கள் அவ்வழியில் நெடுந்தொலைவு சென்றுள்ளன. சந்திரபாபு எள்ளியதெல்லாம் பெரும்பாலும் தம்மையே. அவர் நகை இளமையிற் பிறந்தது.

1958இல் பந்துலு இயக்கி வெளியிட்ட சபாஷ் மீனா என்னும் படத்தை இதற்குச் சான்றாகக் கூறலாம். சிவாஜி கணேசனும் அவரும் அதில் நண்பர்களாக நடித்தனர். சந்திரபாபு இரட்டை வேடம் பூண்டார். ஒருவன் நாகரிக இளைஞன், மற்றவன் ரிக்ஷா இழுப்பவன். மனிதனை மனிதன் வைத்து இழுக்கும் கைரிக்ஷா சென்னைத் தெருக்களில் அந்நாளில் எங்கும் ஓடியது. 1970களில்தான் அஃது ஒழிக்கப்பட்டது. அவ்வண்டிக்காரனின் நடை, தோளிற் கிடக்கும் துண்டு, ஓடிக் களைத்தவன் மூச்சு, அவன் பேசும் சென்னைப் பேச்சு ஆகிய எல்லாவற்றையும் சந்திரபாபு உள்ளவாறே கொணர்ந்தார்.

இவ்விடத்து ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. அவர் சென்னைக் கொச்சையைத் திரையிற் பேசி, மொழியைக் கெடுத்தார் என்று தமிழாசிரியர் சிலர் குறை கூறுவர். இவ்வுரை எழுதுவோனும் ஒரு காலத்து அவர்களுள் ஒருவனாய் இருந்தவனே. வகுப்பில் மாணவன் ஒருவன் அப்பேச்சைப் பேசக் கேட்டுப் பிரம்பை எடுத்ததும் உண்டு. பின்னர் அப்படத்தை மீண்டும் காண நேர்ந்தபோது என் கருத்து மாறியது. தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் தமிழோடு கலந்து, உழைக்கும் மக்களின் வாயில் நெடுங்காலம் புழங்கி உருவான பேச்சு அது. அதனைப் பேசுவோனை இழிந்தவன் என்று காட்டுவதற்காக அவர் அதனைக் கையாளவில்லை. அவன் பேசுவதை ஊன்றிக் கேட்டு, அவனுக்குரிய மதிப்போடு திருப்பிக் கொடுத்தார். தூத்துக்குடியிற் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஒருவர், சென்னையில் வந்து அந்நகரின் தெருப்பேச்சை, அங்கேயே பிறந்தோரும் வியக்கும்படி கற்றுக்கொண்டது செவியின் ஆற்றலாலன்றோ? கேள்விச் செல்வம் என்று நாம் வகுப்பில் உரைப்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு என்றே இன்று கருதுகின்றேன்.

மறு ஆண்டு, 1959இல், ஏவி. மெய்யப்பர் சகோதரி என்னும் படத்தை எடுத்தார். படம் முடிந்த பின் போட்டுப் பார்த்தபோது அவருக்கு நிறைவு ஏற்படவில்லை. சந்திரபாபுவை அழைத்து, பால்காரன் ஒருவன் வரும் நகைச்சுவைப் பகுதியைத் தனியே அமைத்து, ஏற்கெனவே முடிந்திருந்த கதையினூடே இணைத்தனர். படம் வெற்றி பெற்றது. அந்நாளில் அவருக்கிருந்த மதிப்பை அறிய இஃதொன்றே போதும்.

நகைச்சுவை நடிகர் பாடும் பாட்டு என்றால் கூத்தும் கும்மாளமுமாகவே இருத்தல் வேண்டும் என்பது வழக்கம். அவர் குரலில் நிலைத்தவற்றுட் பல அவ்வகையின அல்ல. 1960இல் வந்த கவலை இல்லாத மனிதன், 1961இல் வந்த குமாரராஜா, 1962இல் வந்த அன்னை ஆகிய படங்களில் அவர் பாடியவை, உலகியலின் முரண்களை எண்ணிப் பார்ப்பவை. அறிவுடையோர் எல்லாரும் வெற்றி பெறுவதில்லை என்பது போன்ற பொருளை உடையவை. கண்ணதாசனைப் போன்ற கவிஞர்கள் இயற்றியவற்றை அவர் பாடும்போது, பாடுவோன் தானே பட்டறிந்து கூறுவது போலத் தோன்றும்.

1965இல் பாகிஸ்தானோடு நிகழ்ந்த போரையொட்டி, படைவீரர்களை மகிழ்விக்கத் தமிழ்த் திரைக் கலைஞர் குழு ஒன்று வடக்கே சென்றது. குடியரசுத் தலைவராயிருந்த தத்துவப் பேரறிஞர் இராதாகிருஷ்ணன் அவர்கள் அக்குழுவினரைத் தம் மாளிகைக்கு அழைத்தார். மயிலாப்பூரில் வீடு கொண்டிருந்த அப்பெரியார்க்குத் தமிழ் நன்கு தெரியும். சந்திரபாபு அவர் முன் பாடினார். பாட்டின் பொருளைத் தலைவர் பாராட்டவே, மகிழ்ச்சி தாங்காத சந்திரபாபு எழுந்து சென்று அவர் மடியிலேயே அமர்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார். உடனிருந்தோர் திகைத்து நின்றனர். தலைவரோ முகஞ்சுளிக்கவில்லை, நகைத்து அவரைத் தட்டிக்கொடுத்தார். தந்தையின் மடியில் ஏறும் குழந்தைக்கு முறைமை ஏது?

ஆயின் எல்லாரும் இராதாகிருஷ்ணன் ஆகார். மடியில் ஏறி அமர்ந்த அதே இயல்பு, பிற இடங்களில் அவருக்குத் தீங்காகவே முடிந்தது. அண்ணன் என்றும் ஐயா என்றும் பணிந்து பேசும் திரையுலகில் அவர் யாவரையும் மிஸ்டர் என்று சேர்த்தே அழைத்தார். பிறர் நடிப்பைப் பற்றித் தம் கருத்தை மறையாது கூறினார். இதனைச் சிலர் நேர்மை என்றனர். பலர் செருக்கு என்றனர். இரண்டும் கலந்தே இருந்தன என்று கூறுதல் நடுநிலையாகும். குறித்த நேரத்திற்குப் படப்பிடிப்புக்கு வாராமையும் ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. கவலை இல்லாத மனிதன் கண்ணதாசன் எடுத்த படம். சந்திரபாபுவே கதைத் தலைவர். அப்படம் எடுத்து முடிப்பதற்குள் தாம் பட்ட துன்பத்தைக் கவிஞர் பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார். அப்படத்தால் அவருக்குப் பொருளிழப்பு ஏற்பட்டது. பிறர் பேச்சை அத்துணை நுட்பமாகக் கேட்ட செவி, பிறர் அறிவுரைக்குத் திறந்திருக்கவில்லை.

1958இல் அவர் மணம் புரிந்துகொண்டார். அம்மணவாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை. மனைவியார் தம்மோடு வாழ விரும்பவில்லை என்பதை அறிந்தபோது, அவரைத் தடுக்காது, விரும்பியவாறு செல்ல விடுத்தார். அக்காலத்து ஆடவர் பலர்க்கு இயலாத செயல் இது. வெளியே பெருந்தன்மையாய்த் தோன்றிய அச்செயலின் புண் உள்ளே ஆறவில்லை. மதுவும் மயக்க மருந்தும் அவரைப் பற்றிக்கொண்டன.

பொருள் வந்த காலத்தில் அவர் அதனைச் சேமிக்கவில்லை. அடையாற்றின் வடபுறத்தே, காரை நேரே மேல்மாடிக்கே ஓட்டிச் செல்லுமாறு ஒரு மாளிகையைக் கட்டத் தொடங்கினார். அதே காலத்தில், எம்.ஜி. இராமச்சந்திரனைக் கதைத்தலைவராகக் கொண்டு மாடி வீட்டு ஏழை என்னும் படத்தைத் தாமே எடுக்க முற்பட்டார். படம் தொடங்கிய சின்னாளிலேயே நின்றுபோயிற்று. யார் மேல் தவறு என்பது பற்றி இருவகையாகவும் பேசுவர். அவ்வாதத்துள் நாம் புகவேண்டுவதில்லை. படத்தில் இட்ட பொருள் போயிற்று, கடன் வளர்ந்தது, முற்றுப்பெறாத மாளிகையும் கைவிட்டுப் போயிற்று. எடுக்கப்படாத அப்படத்தின் பெயரே அவருக்கு உரியதாயிற்று.

1966இல் தட்டுங்கள் திறக்கப்படும் என்னும் படத்துக்குக் கதை அமைத்து அவரே இயக்கினார். விவிலியத்தில் வரும் நம்பிக்கை மொழியைப் பெயராகக் கொண்ட அப்படத்துக்கு மக்கள் மனக்கதவு திறக்கவில்லை. இதற்கிடையில் நாகேஷ் என்னும் மற்றொரு மெலிந்த இளைஞர் தோன்றி, 1964இல் காதலிக்க நேரமில்லை, சர்வர் சுந்தரம் ஆகிய இரு படங்களாலும் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டார். சந்திரபாபுவுக்கு வரும் வேடங்கள் அருகின. வந்தவையும் சிறியன. பறக்கும் பாவை, கண்ணன் என் காதலன், அடிமைப்பெண் ஆகிய படங்களில் எம்.ஜி. இராமச்சந்திரனோடு அவர் மீண்டும் நடித்தமையை இங்குக் குறிப்பிடுதல் முறையாகும். ஆயினும் அவ்வேடங்களில் பழைய சந்திரபாபுவைத் தேடித்தான் காண வேண்டும். உடல் தளர்ந்திருந்தது, குரல் மட்டும் சில நாட்களில் பழையபடி எழுந்தது என்பர்.

கைப்பொருள் போனபின் வாயிற்கதவுகள் மூடுதல் உலகியற்கை. மூடாத கதவுகளும் சில இருந்தன. இசையமைப்பாளர் எம்.எஸ். விசுவநாதனின் வீட்டுக்கதவு அவற்றுள் ஒன்று. குலேபகாவலிக் காலந்தொட்டுச் சந்திரபாபுவின் பாடல்கள் பலவற்றுக்கு இசையமைத்தவர் அவர். அந்த மேனாட்டுக் குரலைத் தமிழ் மெட்டுக்குள் எங்கே அடக்குவது, எங்கே அவிழ்த்து விடுவது என்பதை நன்கறிந்தவர்.

1974ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள் சந்திரபாபு இயற்கை எய்தினார். இறுதிச் சடங்குக்கு ஆவன செய்யும் பொறுப்பைச் சிவாஜி கணேசன் விசுவநாதனிடம் ஒப்புவித்தார். தம் உடலை விசுவநாதனின் இல்லத்தில் வைத்த பின்னரே எடுத்துச் செல்லவேண்டும் என்பது சந்திரபாபுவின் விருப்பம். அவ்வண்ணமே வைத்து, பின்னர்க் குவிபிள் தீவுக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தனர். அப்பொழுது அவருக்கு வயது 46.